இரண்டு மூட்டைக் கனம்

சேவுகன் கொத்தனாருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைவு. படித்தவர்கள் மேல் சுத்தமாகக் கிடையாது. அறுபத்திரண்டு வயதுக்கு அவர் நம்பியது இரண்டே இரண்டைத்தான். ஒன்று, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டு. இன்னொன்று, செத்துப்போன பெண்டாட்டியின் தம்பி ராக்கப்பன். இந்த இரண்டில் ஒன்று பொய் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நாலு வருஷம் பிடித்தது. அதுவும் ஊருக்குத் திரும்பப் பதினைந்தே நாள் இருந்தபோது.

ஊர் என்பது கீழே இருந்தது. காளையார்கோயில் பக்கம். கொத்தனார் மேலே இருந்தார், சக்கரத்தில். பூமியைச் சுற்றிவரும்படி கம்பெனிக்காரன் கட்டி மிதக்கவிட்டிருந்த பெரிய இரும்பு வளையம் அது. குறுக்கே கால் மைலுக்கு மேல் இருக்கும். தன்னைத் தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றுவதால்தான் உள்ளே இருக்கிறவர்களின் கால் தரையில் நிற்கும். சோறு தட்டில் நிற்கும். சுற்று நின்றுபோனால் அத்தனை பேரும் பஞ்சு மாதிரி அந்தரத்தில் அலைய வேண்டியதுதான். அங்கே ஏதோ மருந்து செய்தார்கள். என்ன மருந்து என்று கொத்தனார் கேட்டதில்லை. சுவர் கட்டச் சொன்னார்கள், கட்டினார். நிலா மண்ணை உருக்கி வார்த்த பலகைகளைப் பசை வைத்து ஒட்டுவது அவர் வேலை.

வந்த புதிதில் ஒரு பசை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினால் மூச்சு வாங்கும். இப்போது தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டை. சின்னப் பையன்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

"அண்ணாச்சி, ஊருக்குப் போயி ரெண்டாங் கல்யாணம் கட்டப் போறியளோ? இந்தப் போடு போடுதிய!" என்று சமையற்கட்டிலிருந்து மரியபுஷ்பம் சத்தம் கொடுப்பாள். தூத்துக்குடிக்காரி. முந்நூறு பேருக்குச் சோறாக்குகிறவள்.

"நீ மட்டும் கொறச்சலா? சோத்துக் கொப்பரைய ஒத்தக் கையில எறக்குற."

"இங்கத்தக் காத்து அப்பிடி, அண்ணாச்சி. ஒடம்புக்குப் பிடிச்சிப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அவள் ஒப்பந்தம் போன வருஷமே முடிந்துவிட்டது. புறப்படுமுன் செய்த சோதனையில் எலும்பு தேய்ந்துவிட்டது, தரையில் கால் வைத்தால் முறிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு தகுதியில்லாதவர்களைக் கீழே கொண்டுபோய் விடும் பொறுப்பு கம்பெனிக்குக் கிடையாதாம். ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில் இருக்கிறதாம். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர் அப்படி மேலேயே தங்கிவிட்டார்கள், பாதிச் சம்பளத்துக்கு. கீழே அவள் மகன் பத்தாவது படிக்கிறான்.

"நான் சரியாப் பால் குடிக்கல அண்ணாச்சி. என் தப்புதான்" என்பாள்.

கொத்தனாரும் அதைத்தான் நினைத்திருந்தார். பொம்பளைகள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நமக்கென்ன, நாம் இரண்டு மூட்டை தூக்குகிறோம்.

சக்கரத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சங்கு ஊதும். ஆபத்துக்கால ஒத்திகை. எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பெரிய கூடத்துக்கு ஓடி, நாற்காலியில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். நாலு வருஷமாக ஒரு ஆபத்தும் வந்ததில்லை. ஒத்திகை மட்டும் தவறியதில்லை.

அன்றைக்குச் சங்கு ஊதியபோது கொத்தனார் புது லிஃப்ட் குழியின் அடியில் இருந்தார். குழி நாற்பதடி உயரம். உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமல் இருப்பதற்காக அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார். பலகையில் பசை தடவியாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். பாதியில் விட்டுப் போனால் பலகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். "போங்கடா, நீங்களும் ஒங்க ஒத்திகையும்" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

பலகையை நூலோடு பொருத்திப் பார்த்தவர் திடுக்கிட்டார். நூல் ஓர் அரிசி அகலத்துக்கு விலகி நின்றது. பலகைதான் கோணல் என்று நினைத்துத் தட்டிச் சரிசெய்யப் போனவர், எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். காலையில் நூல் பிடித்து ஒட்டிய சுவர் அது. அங்கே நூல் அதே அரிசி அகலம் நெருங்கி இருந்தது. இரண்டு சுவர்களும் ஒரே நேரத்தில் சாய்ந்துவிடுமா? நூல்தான் சாய்ந்திருக்கிறது. காற்று இல்லை. வாளித் தண்ணீர் அலையவில்லை. ஒரு நிமிஷம் போல அப்படியே சாய்ந்து நின்ற நூல், பிறகு மெதுவாகத் தன் இடத்துக்கு வந்தது. எல்லாச் சுவரும் மறுபடி நேராகிவிட்டன.

நாற்பத்தைந்து வருஷத்தில் தூக்குக்குண்டு அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

அடுத்த ஒத்திகைக்கு வேண்டுமென்றே ஒளிந்துகொண்டார். கையில் பென்சில். சங்கு ஊதி ஐந்து நிமிஷத்தில் நூல் சாய்ந்தது. அதே அரிசி அகலம். அதே பக்கம். சக்கரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்ட அங்கே எல்லாச் சுவரிலும் சிவப்பு அம்பு வரைந்திருப்பார்கள். நூல் அந்த அம்பு காட்டும் பக்கமாகச் சாய்ந்தது. சுவரில் கோடு போட்டுக்கொண்டார்.

யாரிடம் கேட்பது? ராக்கப்பனிடம்தான். அவன்தான் சக்கரத்தை ஓட்டும் அறைக்கு மேலாள். கொத்தனாரை இங்கே கூட்டிவந்தவனும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவான்.

உட்கார்ந்து உத்தரவு போடுகிற மேஜைக்காரர்கள் நாற்பது பேருக்கும் நீல நிறத்தில் நீளக் கோட்டு. வெயிலும் இல்லாத, குளிரும் இல்லாத இடத்தில் எதற்குக் கோட்டு என்று வேலைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் சாமி ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து நடப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ராக்கப்பன் அப்படித்தான் வந்து உட்கார்ந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"மாப்ள, ஒரு சந்தேகம். தூக்குக்குண்டு எதுக்குச் சாயும்?"

ராக்கப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்தக் குண்டு, மச்சான்?" என்றான்.

"லிஃப்ட்டுக் குழியில. ஒத்திகை அன்னைக்கு."

பிசைந்த கை நின்றது. "ஒத்திகைக்குப் போகலையா நீங்க?"

"பசை காஞ்சிரும்ல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ராக்கப்பன் தண்ணீர் குடித்தான். "நீங்க கொடைக்கானல் பஸ்ஸுல போயிருக்கீங்கள்ல? வளைவுல திரும்பும்போது என்ன ஆகும்?"

"பக்கத்துல இருக்கவன் மேல போயிச் சாய்வோம்."

"பிரேக்கு போட்டா?"

"முன்னாடி போயி முட்டுவோம்."

"அம்புட்டுத்தான். தள்ளுறது ரெண்டு வகை. வளைவு தள்ளுறது பக்கவாட்டுல. அது வண்டியத் திருப்பும், அம்புட்டுத்தான், வேகத்தக் கூட்டவும் செய்யாது, கொறைக்கவும் செய்யாது. வேகத்த மாத்துறது ஓடுற போக்குல தள்ளுறது. முன்னாடி தள்ளுனா கூடும், பின்னாடி இழுத்தாக் கொறையும். இந்தச் சக்கரம் முழுக்க வளைவுதான். ராத்திரி பகலா வளைஞ்சுக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கவாட்டுச் சாய்வுதான் நம்மளத் தரையில அமுக்குது. ஒங்க குண்டு நேராத் தொங்குறதும் அதுனாலதான்."

"அது சரி. எங்குண்டு முன்னாடியில்ல சாஞ்சுச்சு? அம்புப் பக்கம். பிரேக்கு போட்ட மாதிரி."

ராக்கப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். "மூணாப்புப் படிச்சதுக்கு ரொம்பக் கண்ணு மச்சான் ஒங்களுக்கு. சக்கரம் லேசா வேகம் கூடிப்போகும். அதத் தட்டிச் சரி பண்ணுவோம். ஒரு தடவ கொறைப்போம், ஒரு தடவ கூட்டுவோம். எல்லாம் கழிஞ்சு போயிரும்."

"ரெண்டு தடவையும் கொறைச்சில்ல இருக்கு?"

"மூணாந்தடவ பாருங்க, அந்தப் பக்கம் சாயும். இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. பயந்துக்கிருவாங்க. ஒங்க பேரத்தான் கீழ போற கப்பல்ல மொத ஆளாப் போட்டிருக்கேன். பேத்தியப் போயிப் பாருங்க."

பேத்தி பிறந்து மூன்று வருஷம். மகள் பொன்னழகி அனுப்புகிற படத்தில் மட்டும் பார்த்தது. கொத்தனார் வாயை மூடிக்கொண்டார். ராக்கப்பன் பொய் சொல்ல மாட்டான்.

புறப்படப் பதினைந்து நாள் இருக்கும்போது உடம்புச் சோதனை நடந்தது. வைத்தியர் திரையில் ஏதோ படத்தைக் காட்டி, இடுப்பெலும்பு பொரி மாதிரி ஆகிவிட்டது என்றார். தரையில் இறங்கினால் முதல் வாரமே முறியும். தகுதி இல்லை.

"ஆள மாத்திச் சொல்றீங்க, டாக்டர். நான் சேவுகன். ரெண்டு மூட்டை தூக்குறவன்."

"நீங்கதான். தங்கிக்கலாம். பாதிச் சம்பளம் வரும்."

"எட மிஷின்ல அதே அறுபத்திநாலு கிலோதான காட்டுது? ஒரு கிலோ கொறையலையே?"

வைத்தியர் திரையை அணைத்தார். அவரும் நீலக் கோட்டு போட்டிருந்தார்.

வெளியே வந்த கொத்தனார் ஒரு பசை மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து அந்த மூட்டையையே பார்த்தார். அறுபத்திரண்டு வயதில், பொரி மாதிரி இடுப்பை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் எப்படி இரண்டு மூட்டை தூக்குவான்? ஒத்தைக் கையில் கொப்பரை. பால் குடிக்காத மரியபுஷ்பம். பிரேக் போட்ட பஸ். நாலு வருஷமாக, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, பெல்ட்டைக் கட்டி உட்காரவைத்துவிட்டு.

பலம் கூடவில்லை. மூட்டையின் கனம்தான் குறைந்திருக்கிறது.

நேராக ராக்கப்பனின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

"எம்புட்டுடா கொறைச்சிருக்கீங்க?"

ராக்கப்பன் எழுந்தான். உட்காரச் சொன்னான். கொத்தனார் அவன் கோட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இரண்டு மூட்டை தூக்குகிற கை அது. ஆனாலும் அவன் மலை மாதிரி நின்றான். கோட்டின் பொத்தான்தான் தெறித்து விழுந்தது. உள்ளே இன்னொரு கோட்டு இருந்தது, கை வைக்காதது. கழுத்திலிருந்து தொடை வரை அதில் சின்னச் சின்னப் பைகள் தைத்திருந்தன. ஒவ்வொரு பையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈயத் தகடு.

கொத்தனார் ஒரு தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"வேகத்துல நாலுல ஒரு பங்குதான் கொறைச்சது" என்றான் ராக்கப்பன். "வேகம் கொஞ்சம் கொறஞ்சாலே கனம் நெறையாக் கொறையும் மச்சான். பாதிக்குப் பக்கத்துல போயிருச்சு. ஒவ்வொரு ஒத்திகைக்கும் தரையில கொறையிற கனத்துக்குச் சரியா எங்களுக்கு ஒரு தகடு தருவாங்க. எட மிஷினு நாங்க சொல்ற நம்பரத்தான் காட்டும்."

"எதுக்குடா?"

"ஆளுகளக் கீழ கொண்டுபோயி விட்டுட்டு, வேற ஆளக் கொண்டுவந்து பழக்கணும். கனம் இல்லாட்டி எலும்பு தேஞ்சிரும், தேஞ்சவன் பாதிச் சம்பளத்துக்கு இங்கயே கெடப்பான். இது அவங்களுக்கு லேசு."

"பொத்தான அமுக்குறது யாரு?"

ராக்கப்பன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒங்கக்கா பொணத்துக்கு நான் கொள்ளி வச்சப்ப எம்பக்கத்துல நின்னியேடா. ஞாயித்துக்கிழமையாப் பாத்து எங்கூட ஒக்காந்து தின்னியேடா."

"நாப்பது கோட்டுதான் மச்சான் தச்சாங்க. ஒங்களுக்கு ஒன்னு கேட்டா முந்நூறு பேருக்கும் தெரிஞ்சு போயிரும்."

கொத்தனார் ஒரு சொல்லையும் மென்று பேசுகிற ஆள் இல்லை. "எனக்கு ஒன்னு குடுத்திருந்தியன்னா நானும் வாயத் தெறந்திருக்க மாட்டேன். அந்த அளவுக்குக்கூட என்னைய நம்பலயேடா நீ" என்றார். "இரு. அடுத்த ஒத்திகைக்குக் கூடத்துலயே குண்டத் தொங்கவிடுறேன். எல்லாப் பயலும் பாக்கட்டும்."

ராக்கப்பன் கோட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றி மேஜை மேல் போட்டான். மேஜை அதிர்ந்தது.

"இத வச்சுக்கங்க. சட்டைக்கு உள்ள போட்டுக்கங்க. ரெண்டு வருஷத்துல எலும்பு தேறிரும். அப்புறம் கப்பல்ல ஏத்தி விடுறது எம்பொறுப்பு. எனக்கு வேற கோட்டு வாங்கிக்கிறேன். யார்ட்டயும் சொல்லாதீங்க மச்சான்."

கொத்தனார் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டார்.

அறைக்குப் போய் மாட்டியதும் முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மூட்டைக் கனம். அப்புறம் மெல்ல நினைவு வந்தது. இது புதுக் கனம் இல்லை. வந்த அன்றைக்கு இந்தக் கனத்தோடுதான் வந்து இறங்கினார். ஊரில் நடந்தது, ஓடியது, பெண்டாட்டியைத் தூக்கிச் சுமந்தது எல்லாம் இந்தக் கனத்தோடுதான்.

மறுநாள் மேலே தொளதொளச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். பெஞ்சு கிறீச்சிட்டது. மரியபுஷ்பம் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன அண்ணாச்சி, அசைஞ்சு அசைஞ்சு வாறிய? சோதனையில நிப்பாட்டிட்டாவன்னு கேள்விப்பட்டேன். மனசு ஒடஞ்சிராதிய. நான் இல்லியா, இருக்கத்தான செய்யுதேன்?" என்று தன் பங்குப் பாலைக் கொண்டுவந்து வைத்தாள். "குடியும். எலும்புக்கு நல்லது."

எதிரில் உட்கார்ந்து அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கப்பன் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படித்தான். இதே மாதிரி பெஞ்சு கிறீச்சிட, இதே மாதிரி வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கூடத்தின் கூரையிலிருந்து நூலைத் தொங்கவிட்டுவிட்டார். கீழே வாளி. வாளிக்குப் பக்கத்தில் ஒரு பலகையை நட்டு, நூலுக்கு நேராகப் பென்சில் கோடு. முந்நூறு பேரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொத்தனார் உட்காரவில்லை. பஸ்ஸை, வளைவை, பிரேக்கை எல்லாம் தனக்கு வந்த பேச்சில் சொன்னார். "பாத்துக்கிட்டே இருங்க. அம்புப் பக்கம் சாயும்."

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. நூல் சாயவில்லை. பென்சில் கோட்டின் மேலேயே நின்றது.

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். "கொத்தனாரே, ஊருக்கு விடலங்கிற கோவத்துல சக்கரத்தையே நிப்பாட்டப் பாக்குறீகளா?" கூடம் முழுக்கச் சிரிப்பு.

கொத்தனார் நூலையே பார்த்தார். ஈயக் கோட்டைக் கொடுத்தும், அவர் வாயை மூடுவார் என்று ராக்கப்பன் நம்பவில்லை. இன்றைக்குப் பொத்தானை அமுக்கவில்லை. வேகம் மாறினால்தான் குண்டு பேசும். மாறாத வேகத்தில் அது நேராகத்தான் தொங்கும், அந்த வேகம் பழையதில் முக்கால்தான் என்றாலும்.

சட்டையைக் கழற்றினார். கொக்கிகளைக் கழற்றினார். கோட்டை மரியபுஷ்பத்தின் மடியில் வைத்தார்.

"ஏ யம்மா!" என்று அலறினாள் அவள். ஒத்தைக் கையால் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். "என்னதிது அண்ணாச்சி? துணிதான?"

"நீலக் கோட்டுக்காரன் நாப்பது பேரும் உள்ள போட்டிருக்கது. எனக்கு எம்மாப்ள குடுத்தான், வாய மூடிக்கிறதுக்கு. ஒம்போது நாளு மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒம்பால வாங்கிக் குடிச்சுக்கிட்டு."

சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மரியபுஷ்பம் ஒரு பையிலிருந்து தகட்டை உருவினாள். அதில் ஆணியால் குத்தின மாதிரி எழுத்து இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"தேதி போட்டிருக்கு. சனவரி பதினஞ்சு." சற்று யோசித்தாள். "பொங்கல் அன்னைக்குல்லா இது? பானைய அடுப்புல வச்சிட்டு ஒத்திகைக்கு ஓடியாந்து, திரும்பிப் போனா அடி பிடிச்சிக் கெடந்துச்சே."

இன்னொரு தகட்டை உருவி முன்வரிசைக்குக் கொடுத்தாள். அங்கே ஒருவர் படித்தார். ஜூலை எட்டு. போன வருஷம். அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவருக்கு அந்த ஒத்திகை ஞாபகம் இருந்தது. தகடுகள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. ஆளாளுக்கு ஒரு தேதி. தொண்ணூற்றைந்து தகடு. ஆளுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் வராததால் பக்கத்தில் இருப்பவனுடையதை எட்டிப் பார்த்தார்கள். மேஜைக்காரர்கள் வாசல் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள். அதில் ராக்கப்பனும் இருந்தான். புதுக் கோட்டு போட்டிருந்தான். கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மரியபுஷ்பம் கோட்டின் கீழ்ப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே மூன்று வரிசைப் பைகள் தட்டையாகக் கிடந்தன. விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதெல்லாம் காலியா இருக்கே அண்ணாச்சி. எதுக்கு?"

"இனிமே நடக்கப்போற ஒத்திகைக்கு."

ஒத்திகை முடிந்தது என்று சங்கு ஊதியது. ஒருத்தரும் வேலைக்கு எழுந்து போகவில்லை.